காயோ மலையூர்களில் தங்கலாமா? கேள்வி பதில்

இந்தோனேசியாவின் சுமத்ரா தீவின் வட முனை ஆச்சே மாகாணம். அதன் நடுவே உள்ள மேட்டுநிலம் காயோ மக்களின் பூமி. ஆச்சே தெங்ஙா, பெனெர் மெரியா, காயோ லுவெஸ் என்று மூன்று மாவட்டங்கள். அங்கே போய்த் தங்க நினைப்பவர்களும் காப்பித் தோட்டக்காரர்களும் கேட்டவற்றுக்குப் பதில்கள் கீழே.

கேள்வி: சென்னையிலிருந்து எப்படிப் போவது? ஒரு வாரம் போதுமா?

பதில்: கோலாலம்பூர் வழியாக வட சுமத்ராவின் பெருநகரான மேடான். இந்தியக் கடவுச்சீட்டுக்கு மேடான் விமான நிலையத்திலேயே விசா தருகிறார்கள். கட்டணம் 5,00,000 ரூபியா. 30 நாள் இருக்கலாம், ஒரு முறை நீட்டிக்கலாம்.

மேடானிலிருந்து மூன்று வழி. முதலாவது, பெனெர் மெரியாவில் உள்ள ரெம்பெலே விமான நிலையத்துக்குச் ஏடிஆர் வகைச் சிறிய விமானம். தினமும் இருக்கும் என்று எண்ண வேண்டாம், மூடுபனி வந்தால் இறங்காது. இரண்டாவது, கடற்கரைச் சாலையில் பிருவென் போய், அங்கிருந்து சுமார் 100 கிலோமீட்டர் மலையேறி ஏரிக்கரை ஊரான தாக்கெங்கோன். அந்த 100 கிலோமீட்டருக்கே ஏறத்தாழ மூன்று மணி நேரம் பிடிக்கும். மேடானிலிருந்து இரவுப் பேருந்து ஏறினால் காலையில் போய்ச் சேரலாம். மூன்றாவது, குத்தாசானே வழியாகக் காயோ லுவெஸின் தலைநகர் பிளாங்கெஜெரென். காடு அழகு, வளைவுகள் கொடுமை. வாந்தி வருகிறவர்கள் ஓட்டுநர் பக்கத்து இருக்கையைக் கேட்டு வாங்கிவிடுங்கள்.

ஒரு வாரம் போதும், ஆனால் அதில் இரண்டு நாளைச் சும்மா விட்டு வையுங்கள். இந்த மலையில் பயணத்தை முடிவு செய்வது மழைதான், வரைபடம் இல்லை. 2025 நவம்பர் கடைசியில் சென்யார் புயல் கொட்டிய மழையில் பாலங்கள் போய், சாலைகள் சரிந்து, மலை மாவட்டங்கள் வெளியுலகத்திலிருந்து துண்டிக்கப்பட்டன. சாதாரண ஆண்டிலும் மண் சரியும். ஆகவே கிளம்பும் முன் வண்டிக்காரரிடம் எந்தப் பாலம் திறந்திருக்கிறது என்று கேளுங்கள். விடாமல் இரண்டு நாள் பெய்திருந்தால் கிளம்பாதீர்கள். மழை பெரும்பாலும் மதியத்துக்கு மேல் பிடிக்கும், மலைச்சாலையைக் காலையிலேயே கடந்துவிடுவது நல்லது. மலையிறங்கிய மறுநாளே ஊர் திரும்பும் விமானத்துக்குப் பயணச்சீட்டு போடுவது வீண் துணிச்சல்.

கேள்வி: ஏடிஎம், போன் சிக்னல்?

பதில்: பணத்தை மேடானிலேயே எடுத்துக்கொள்ளுங்கள். ஆச்சேயில் 2018ஆம் ஆண்டுச் சட்டப்படி ஷரியா (இஸ்லாமியச் சட்டப்படியான) வங்கிகள் மட்டுமே இயங்குகின்றன. நமக்குப் பழக்கமான மற்ற வங்கிகள் கிளைகளை மூடிப் போய்விட்டன. மிச்சமிருக்கும் இயந்திரங்களில் வெளிநாட்டு அட்டை சில நேரம் வேலை செய்யும், சில நேரம் செய்யாது. கிராமத்தில் சில்லறை நோட்டுதான் செல்லும். சிம் வாங்கினால் டெல்கோம்செல். அதுவும் பள்ளத்தாக்குக்குள் இறங்கினால் போய்விடும்.

கேள்வி: நானும் தோழியும் ஆச்சே தெங்ஙாவில் லிங்கே பக்கத்து உட்கிராமம் ஒன்றில் சில நாள் தங்க விரும்புகிறோம். யாரிடம் அனுமதி கேட்க வேண்டும்?

பதில்: ஊர்த்தலைவரிடம். அவரை ரெஜே என்பார்கள். (காயோ லுவெஸில் பெங்ஙுலு.) வெளியாள் இரவு தங்கினால் 24 மணி நேரத்துக்குள் தெரிவிப்பது இந்தோனேசியா முழுவதும் உள்ள வழக்கம். கடவுச்சீட்டு நகல் இரண்டு கையில் இருக்கட்டும். போனதும் முதல் வேலையாக வீட்டுக்காரரோடு ரெஜேயைப் போய்ப் பாருங்கள். ரெஜே, மதப் பணிக்கு இமெம், வழக்கங்களை அறிந்த பெத்துவே, ஊர்மக்களின் பேராளர்கள் என நால்வகையினர் கூடித்தான் ஊர்க்காரியம் நடத்துகிறார்கள். தலைவர் சரி என்றால் ஊரே சரி என்ற மாதிரி.

பெண்கள் இருவர் சேர்ந்து தங்குவதில் சிக்கல் இல்லை. மணமாகாத ஆணும் பெண்ணும் ஓர் அறை கேட்டால் மறுப்பார்கள், பிரச்சினையும் ஆகலாம். தளர்வான முழுக்கை ஆடை போதும். முஸ்லிம் அல்லாத பெண்கள் முக்காடு போட வேண்டிய கட்டாயம் இல்லை, ஆனால் பையில் ஒரு துப்பட்டா இருந்தால் நல்லது. மதுவை நினைக்கவே வேண்டாம். வெள்ளி நண்பகலில் கடை, வண்டி எல்லாம் நிற்கும்.

லிங்கே பக்கம் பைன் காடும் புல்மேடும். எருமைகளைப் பொது மேய்ச்சல் நிலத்தில் அவிழ்த்து விட்டிருப்பார்கள், இருட்டில் இருசக்கர வண்டி ஓட்டாதீர்கள்.

கேள்வி: ஏற்காட்டில் காப்பி வைத்திருக்கிறேன். காயோக்காரர்கள் பார்ச்மென்ட்டை (கொட்டையை மூடியிருக்கும் மேலோட்டை) ஈரமாகவே உடைக்கிறார்களாமே? காய்ந்த பிறகு உடைத்தால்தானே முறை? நாமும் செய்து பார்க்கலாமா?

பதில்: ஈரமாக உடைப்பது உண்மை. கிலிங் பாசா என்று அதற்குப் பெயர். படிப்படியாகப் பாருங்கள்.

சிவந்த பழத்தைப் பறித்துத் தண்ணீரில் போட்டு மிதப்பதை அள்ளிவிடுகிறார்கள். அன்று மாலையே பல்பர் என்ற இயந்திரத்தில் தோல் நீக்கம். பழத்தை மூட்டையில் ஓர் இரவு விட்டால் சூடேறிப் புளித்த வாடை பிடித்துவிடும். பிறகு கொட்டையை இரவு முழுக்க ஊறவிட்டு, வழவழப்பைக் கழுவி, வெயில் இருக்கும் நேரம் பார்த்து ஓரிரு நாள் உலர்த்துவார்கள். அப்போதும் ஏறத்தாழ 40 விழுக்காடு ஈரம் இருக்கும். அந்த நிலையிலேயே தொக்கே எனப்படும் வியாபாரி வாங்கிப் போய் உடைக்கிறார். மேலோடு போன பச்சைக் கொட்டையைத் தார்ப்பாயில் பரப்பி 12, 13 விழுக்காட்டுக்குக் கொண்டுவருவார்கள்.

காரணம் இரண்டு. அறுவடை மழையோடு சேர்ந்தே வருகிறது. பார்ச்மென்ட்டோடு உலர்த்தினால் வாரக்கணக்கில் இழுக்கும், உடைத்துவிட்டால் சில நாளில் முடிந்துவிடும். இன்னொன்று, விவசாயிக்குக் கையில் உடனே காசு. பலர் அறுவடையை நம்பித் தொக்கேயிடம் முன்பணம் வாங்கியிருப்பார்கள்.

கெடுவது எங்கே? ஈரக்கொட்டை மெத்தென்று இருப்பதால் உடைக்கும்போது நுனி பிளந்து ஆட்டுக்குளம்பு போல ஆகும். அங்கேயும் அதை ஆட்டுநகம் என்றுதான் சொல்கிறார்கள். அதைவிட மோசம் பூஞ்சை. மேலோடு இல்லாத ஈரக்கொட்டையை மூட்டை கட்டி ஓர் இரவு அடுக்கினாலே மண்வாடை ஏறும், அப்புறம் எந்த வறுவலிலும் போகாது. சரியாகச் செய்தால் நீலம் கலந்த பச்சை நிறமும், புளிப்பு குறைந்த அடர்த்தியான சுவையும் கிடைக்கும்.

ஏற்காட்டில் வேண்டாம் என்பேன். உங்களுக்கு அறுவடைக்குப் பின் நல்ல வெயில் இருக்கிறது. காய்ந்த பார்ச்மென்ட்டுக்கான உங்கள் இயந்திரம் ஈரத்தில் அடைத்துக்கொள்ளும். மழைக்காகப் பிறந்த முறையை வெயிலூரில் எதற்கு இழுத்துக்கொள்வது?

அவரே தொடர்ந்து: அளவு, செடி, நிழல் பற்றியும் சொல்லுங்கள்.

பதில்: பழத்தை எடை போடுவதைவிட அளப்பது அதிகம். பம்பு என்பது சுமார் 2 லிட்டர், 10 பம்பு ஒரு காலெங், அதாவது ஒரு தகரம். குவித்து அளப்பதா, தலை தட்டி அளப்பதா என்பதில்தான் பேரமே. ஒரு கிலோ பச்சைக் கொட்டைக்கு ஐந்தாறு கிலோ பழம் வேண்டும்.

இடைவெளி பொதுவாக இரண்டரைக்கு இரண்டரை மீட்டர், ஹெக்டேருக்கு 1,600 செடி. நிழலுக்குச் சவுண்டல். மழைக்காலத்துக்கு முன் அதைக் கழிக்காவிட்டால் தோட்டம் இருண்டு பூவே குறையும். செடியைக் கை எட்டும் உயரத்தில் கவாத்து செய்வார்கள்.

ரகங்களில் திம்திம் பெயர் பெற்றது. திமோர் தீவில் அராபிகாவும் ரொபஸ்டாவும் தானாகக் கலந்து உண்டான செடியின் வழி வந்தது, இலைத்துரு நோயைத் தாங்கும். 1869இல் இலங்கையில் தென்பட்டு அங்கே காப்பியையே அழித்து, தேயிலைக்கு வழிவிட்ட அதே துரு நோய்தான். 2010இல் திம்திம்முக்குக் காயோ 1 என்று அரசு பெயரிட்டு வெளியிட்டது. காயோ காப்பிக்குப் புவிசார் குறியீடு கிடைத்ததும் அதே ஆண்டில். இப்போதைய தலைவலி காய்த்துளைப்பான். பருவம் முடிந்ததும் மரத்திலும் தரையிலும் கிடக்கும் மிச்சப் பழத்தைப் பொறுக்கி வெந்நீரில் போடாவிட்டால் அடுத்த பருவத்துக்கு வண்டு அங்கேயே காத்திருக்கும்.

கேள்வி: அங்கே இரண்டு ஹெக்டேர் வாங்கிப் போட்டால்?

பதில்: வெளிநாட்டவர் பெயரில் முழு உடைமை கிடையாது, 1960ஆம் ஆண்டு நிலச்சட்டம் தடுக்கிறது. உள்ளூர்க்காரர் பெயரில் வாங்கித் தருகிறேன் என்று யாராவது சொன்னால் எழுந்து வந்துவிடுங்கள்.

கேள்வி: சைவம். பட்டினி கிடப்பேனா?

பதில்: கிடக்க மாட்டீர்கள். சோறு, தெம்பே (புளிக்கவைத்த சோயாக் கட்டி), தாஹு (சோயாப் பன்னீர்), கீரை எங்கும் உண்டு. சிக்கல் மறைந்திருக்கும் இறால் விழுதும் நெத்திலியும்தான். 'தன்பா டாகிங், இக்கான், உடாங், தெராசி' (இறைச்சி, மீன், இறால், இறால் விழுது இல்லாமல்) என்று நான்கையும் சொல்லி மறுங்கள். இறைச்சி வேண்டாம் என்று மட்டும் சொன்னால் மீன் வரும்.

மீன் சாப்பிடுவோர் லுட் தாவார் ஏரியின் டெப்பிக்கைத் தேடுங்கள். அந்த ஏரிக்கே உரிய விரல் நீள மீன், இப்போது குறைந்துவருகிறது. பெங்ஙாட் என்ற சமையலில் சட்டியில் மீனை அடுக்கி, மிளகாய், மஞ்சள், புளிப்பு, நாக்கு மரத்துப்போக வைக்கும் எம்பன் என்ற காட்டு மிளகு எல்லாம் சேர்த்து, கிளறாமல் நீர் வற்றும்வரை வைப்பார்கள். கிளறினால் மீன் கூழ்.

கேள்வி: சமன் ஆட்டத்தைக் கிராமத்திலேயே பார்க்க முடியுமா?

பதில்: முடியும், காயோ லுவெஸில். ஆண்கள் வரிசையாக மண்டியிட்டு, மார்பிலும் தொடையிலும் தட்டி ஆடும் ஆட்டம். 2011இல் யுனெஸ்கோவின் அவசரப் பாதுகாப்புப் பட்டியலில் சேர்ந்தது. மேடை நிகழ்ச்சியில் பத்து நிமிடத்தில் முடித்துவிடுவார்கள். ஊரில் நடப்பது வேறு. ஓர் ஊர் மற்றோர் ஊரின் இளைஞர்களை விருந்துக்கு அழைக்கும். வருகிற ஒவ்வொருவரையும் ஒரு வீட்டுக்காரர் தன் உடன்பிறப்பாக ஏற்றுக்கொண்டு சோறு போட்டு உறங்க இடம் தருவார். இரண்டு நாள் இரண்டு இரவு ஆட்டம். பிறகு அவர்கள் இவர்களை அழைக்க வேண்டும், கடன் மாதிரி. நோன்புப் பெருநாளை ஒட்டியும் அறுவடைக்குப் பின்னும் விசாரித்தால் வாய்ப்பு அதிகம்.

கேள்வி: குளிர், அட்டைப்பூச்சி?

பதில்: ஏரி சுமார் 1,200 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. இரவுக்கு ஒரு கம்பளிச் சட்டை, எப்போதும் மழைச்சட்டை. லெயுசெர் தேசியப் பூங்காவின் காட்டுக்குள் போனால் அட்டை நிச்சயம். நீளக் காலுறைக்குள் கால்சட்டையைச் செருகி, காலுறைக்கு வெளியே புகையிலைத் தண்ணீர் தடவுங்கள். அந்தப் பூங்காவுக்குள் நுழைய சிமாக்ஸி என்ற அனுமதிச் சீட்டு தேவை, அதை முன்கூட்டியே வாங்கிவிடுங்கள்.