விலை பேசியபின் அடிமை இறந்தால் நட்டம் யாருக்கு?

ரோமானியச் சட்ட வினா இது: 10,000 செஸ்டர்ஸுக்கு (ரோமானிய நாணயம்) அடிமையைப் பேசி முடித்தாயிற்று, ஒப்படைக்கும் முன்பே அவன் இறந்துவிட்டான், வாங்கியவர் பணம் தரவேண்டுமா என்று கேட்டு, வேண்டாம், நட்டம் விற்றவருக்கே என்று விடையும் எழுதியிருந்தீர்கள். தரவேண்டும். சொத்துரிமை ஒப்படைப்பில்தான் மாறும் என்பது சரி. அதை வைத்து நட்டத்தையும் விற்றவர் தலையில் கட்டியதுதான் உங்கள் விடையில் சறுக்கல். ரோமானியச் சட்டத்தில் விற்பனை வெறும் சம்மதத்தால் உண்டாகும் ஒப்பந்தம். பொருளும் விலையும் முடிவானால் போதும், எழுத்தோ அச்சாரமோ வேண்டாம்; நிபந்தனை ஏதும் இல்லையென்றால் பொருள் அழிந்தால் நட்டத்தை ஏற்கும் ஆபத்தும் அப்போதே வாங்குபவருக்குப் போய்விடும்.

ஆனால் விற்றவர் ஒப்படைக்கத் தாமதித்தாரா, அவர் கவனக்குறைவால் இறந்தானா என்று வினாவை மறுபடி படியுங்கள். அப்படியிருந்தால் நட்டம் அவருக்கே. விலையாகப் பணமின்றி மாடு பேசியிருந்தால் கதையே வேறு: புரோக்குலியர் (ரோமானியச் சட்ட அறிஞர்களில் ஒரு பிரிவினர்) வாதம்தான் வென்றது, பண்டமாற்று என்பது விற்பனை ஆகாது.