பிரசங்கம் செய்யத் தெரியாத கீபோர்டுக்காரருக்கு ஊழியப் பயணத்தில் என்ன வேலை?

"ஆலயத்தில் கீபோர்டு வாசிக்கிறேன், பிரசங்கம் செய்ய வராது. வெளிநாட்டு ஊழியப் பயணத்துக்கு என்னையும் அழைக்கிறார்கள். எனக்கு அங்கே என்ன வேலை, இதனால் விசுவாசம் வளருமா, இல்லை காணிக்கைப் பணத்தில் போகும் சுற்றுலாதானா?" என்று கேட்டிருக்கிறீர்கள்.

உங்கள் நிலைமையை என்னால் ஊகிக்க முடிகிறது. குழுவில் பேசுவதற்கு இரண்டு மூன்று பேர் ஏற்கெனவே இருப்பார்கள். பேச்சுக்கு முன்னால் கூட்டத்தை அமர்த்தவும், பேச்சு முடிந்து ஜெபம் தொடங்கும்போது பின்னணியில் மெல்ல வாசிக்கவும் ஒருவர் தேவை என்று யாருக்கோ தோன்றியிருக்கும். "நீங்கள் வந்து சும்மா வாசித்தால் போதும், தம்பி" என்றும் சொல்லியிருப்பார்கள். என்னிடமும் அப்படித்தான் சொன்னார்கள். அந்தச் 'சும்மா' இன்னும் எனக்கு உறுத்திக்கொண்டிருப்பதால்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

நான் கோத்தகிரிப் பக்கத்தில் ஒரு சி.எஸ்.ஐ. ஆலயத்தில் வாசிப்பவன். பள்ளிப் பருவத்தில் காலால் மிதிக்கும் ஆர்மோனியத்தில் தொடங்கி, அதன் துருத்தி கிழிந்து, சரிசெய்ய ஆள் கிடைக்காமல் போன பிறகு கீபோர்டுக்கு வந்தேன். எங்கள் குழு சென்றது இலங்கையின் மலையகத்துக்கு, ஹட்டனைச் சுற்றியுள்ள தேயிலைத் தோட்டங்களுக்கு. "அதே தமிழ், அதே தேயிலை, இதுவும் ஒரு வெளிநாட்டு ஊழியமா?" என்று கேட்கப்போகிறவர்களுக்கு முன்கூட்டியே பதில் சொல்லிவிடுகிறேன். கடலைத் தாண்ட வேண்டும், கடவுச்சீட்டு வேண்டும், போய்ச் சேர்ந்தால் நாம்தான் அந்நியர். ஆப்பிரிக்காவுக்குப் போய் வந்தவர்களின் அனுபவம் பெரியதாகவே இருக்கட்டும், எனக்குத் தெரிந்ததை மட்டுமே என்னால் எழுத முடியும்.

எனக்கு அந்த ஊர் முழுக்க அந்நியமும் அல்ல, ஏனென்றால் என் அம்மா பிறந்தது அங்கேதான். 1964 அக்டோபர் 30 அன்று இந்தியப் பிரதமர் லால் பகதூர் சாஸ்திரியும் இலங்கைப் பிரதமர் சிறிமாவோ பண்டாரநாயக்காவும் செய்துகொண்ட ஒப்பந்தப்படி, தோட்ட வேலைக்காகத் தமிழகத்திலிருந்து போனவர்களின் வழிவந்த மலையகத் தமிழரில் 5,25,000 பேரை இந்தியாவும் 3,00,000 பேரை இலங்கையும் குடிமக்களாக ஏற்பது என்று முடிவாயிற்று. தலைமன்னாரில் கப்பலேறி, இராமேசுவரத்தில் இறங்கி, மண்டபம் முகாமில் பதிந்துகொண்டு வந்தவர்களில் எங்கள் தாத்தாவின் குடும்பமும் ஒன்று. அப்படி வந்தவர்களுக்கு வேலை தருவதற்காகத் தமிழக அரசு 1968 முதல் நீலகிரியில் தேயிலை நட்டது, பின்னாளில் அதுவே டேன்டீ (தமிழ்நாடு தேயிலைத் தோட்டக் கழகம்) என்ற அரசு நிறுவனமாயிற்று. எடுத்த கொழுந்தையே மறுபடியும் எடுக்க வந்தார்கள் என்று தாத்தா சொல்வார்.

இங்கே ஆலயத்தில் எங்கள் வீட்டாரை யாரும் ஒதுக்கிவிடவில்லை, அப்படிச் சொன்னால் அது பொய். ஆனால் அம்மாவும் அவரோடு வந்த பெண்களும் ஒரு கீர்த்தனையைப் பாடத் தொடங்கினால், அப்போதிருந்த பாடற்குழுத் தலைவர் கையை உயர்த்தி நிறுத்துவார். "அது தப்பு மெட்டு" என்பார். அடுத்த ஞாயிறும் அதுவே நடக்கும். நான் வாசிக்க உட்கார்ந்த பிறகும் நடந்தது, நான் அவர் சொன்ன மெட்டையே வாசித்தேன், வாசிப்பவனுக்கு அதுதான் முறை. நாளடைவில் அம்மா அந்தப் பாட்டு வரும்போது புத்தகத்தைத் திறந்து வைத்துக்கொண்டு வெறுமனே நிற்கப் பழகிவிட்டார். இது பழங்கதை, பயணத்துக்கும் இதற்கும் என்ன தொடர்பு என்று கேட்பீர்கள். தொடர்பு இருக்கிறது.

திருச்சியிலிருந்து கொழும்புக்கு விமானம், அங்கிருந்து அவிசாவளை, கித்துள்கல, கினிகத்தேனை வழியாக வேனில் ஹட்டன். வழியெல்லாம் மழை. கினிகத்தேனைக்கு மேலே ஏறியதும் வேனில் இருந்த எல்லோரும் சொன்ன முதல் வார்த்தை, "குன்னூர் மாதிரியே இருக்கிறதே" என்பதுதான். அந்தப் பேச்சில் நியாயம் இருந்தது. ஆனால் அங்கே சரிவுகளில் வீடுகள் லயன் லயனாக, ஒன்றோடொன்று ஒட்டிய தொழிலாளர் வீட்டு வரிசைகளாகத்தான் நிற்கின்றன. நம் ஊரில் சிறு விவசாயிகளின் தோட்டங்களுக்கு நடுவே தெரியும் ஓட்டு வீட்டு ஹட்டிகளை (படகர் ஊர்களை) அங்கே காண முடியாது.

தோட்டத்து ஆலயம் ஒரு நீண்ட தகரக் கூரைக் கட்டடம். போதகர் பல தோட்டங்களுக்குப் பொதுவானவர் என்பதால், அவர் வராத வாரங்களில் ஆராதனையை உபதேசியார், அதாவது போதகருக்குத் துணையாக இருக்கும் சபை ஊழியர், நடத்துகிறார். இசைக்கருவி என்று இருந்தவை ஒரு டோலக்கும் ஒரு ஜால்ராவும். பாட்டை எடுத்துக் கொடுப்பவர், கொழுந்தெடுத்து ஓய்வு பெற்ற ஒரு பாட்டி. அவர் எந்தச் சுருதியில் தொடங்குகிறாரோ அதுதான் சபையின் சுருதி.

அங்கேதான் எங்கள் குழுத் தலைவருக்கும் எனக்கும் கருத்து வேறுபாடு வந்தது. அவர் பாட்டில்லாத இசைத் தடங்களைப் பென்டிரைவில் கொண்டுவந்திருந்தார். பெரிய ஒலிபெருக்கியில் அதைப் போட்டு, மேலே நான் கீபோர்டு வாசித்தால் கூட்டம் உற்சாகமாகும் என்பது அவர் கணக்கு. அவர் கெட்டவரல்லர், உழைப்பாளி, ஜெபிக்கிறவர். ஆனால் தடம் யாருக்காகவும் நிற்காது. மூச்சு வாங்கக் காத்திருக்காது, ஒரு சரணத்தை மறுபடியும் பாட வேண்டுமென்று சபைக்குத் தோன்றினால் அதற்கும் இடங்கொடுக்காது. நான் மறுத்துவிட்டேன். அவர் இரண்டு நாள் என்னோடு சரியாகப் பேசவில்லை.

முதல் மாலை பாட்டி தொடங்கிய சுருதி நாலரைக் கட்டைக்கும் ஐந்து கட்டைக்கும் நடுவே எங்கோ இருந்தது. ஆர்மோனியமாக இருந்திருந்தால் இரண்டு வழிதான். ஒன்று அவரைக் கருவிக்கு இழுக்க வேண்டும், அல்லது சும்மா இருக்க வேண்டும். கீபோர்டில் மூன்றாவது வழி உண்டு. நாலரைக் கட்டைக்கு மாற்றிக்கொண்டு, 440 ஹெர்ட்ஸ் என்று இருக்கும் அடிப்படைச் சுருதியை ஒவ்வோர் எண்ணாக ஏற்றிக்கொண்டே போனேன். முதல் பாட்டு முடியும்போது 449-இல் அவர் குரலும் என் கருவியும் ஒன்றாகின. மேற்கத்திய மெட்டில் பாடும் ஞானப்பாட்டுக்கு வாசிப்பதுபோல நான்கு குரல் இசைவுகளை நிரப்பவில்லை. இடது கையில் சட்ஜமும் பஞ்சமமும் மட்டும், வலது கையில் அவர் பாடும் மெட்டு, அவ்வளவுதான். கமகத்தில் வழுக்கிச் செல்லும் ராகத்தை இறுகிய கட்டைகளைக் கொண்டு முழுக்கத் தொடர முடியாது என்பதால், பல இடங்களில் கையை எடுத்துவிட்டேன். ஆராதனை முடிந்ததும் அந்தப் பாட்டி வந்து சொன்னது இதுதான்: "தம்பி, பொட்டிய இன்னும் கொஞ்சம் மெதுவா வாசிங்க. நாளெல்லாம் மலை ஏறி எறங்கினவங்க, மூச்சு எடுத்துத்தான் பாடுவாங்க." வாசிப்பைப் பற்றி நான் கேட்ட பயனுள்ள பாடங்களில் இது ஒன்று, எந்த இசைப் பள்ளியிலும் யாரும் இதை எனக்குச் சொன்னதில்லை.

மறுநாள் மாலை ஒரு லயத்து வீட்டில் ஜெபம். பாட்டி ஒரு பழைய கீர்த்தனையை எடுத்தார். இரண்டாவது வரியிலேயே என் கை நின்றுவிட்டது. அது அம்மாவின் மெட்டு, எங்கள் ஆலயத்தில் ஞாயிறுதோறும் கை உயர்த்தி நிறுத்தப்பட்ட அதே மெட்டு. வீட்டுக்குள்ளும் வாசலிலுமாக இருந்தவர்கள் எல்லோரும், பிள்ளைகள் உட்பட, ஒருவர்கூடத் தடுமாறாமல் அதைப் பாடினார்கள்.

இதில் அதிசயம் எதுவும் இல்லை, விளக்கிச் சொல்லக்கூடிய காரணம் இருக்கிறது. ஆங்கிலிக்கன் மிஷனரிச் சங்கம் இலங்கைத் தோட்டங்களில் 'தமிழ்க் கூலி மிஷன்' என்ற பெயரில் ஊழியத்தைத் தொடங்கியது 1854-இல். அப்போது அங்கே தேயிலை இல்லை, காப்பித் தோட்டங்கள்தான். திருநெல்வேலியிலிருந்து போன உபதேசிமார்கள் தோட்டம் தோட்டமாக நடந்து கற்பித்தார்கள். தஞ்சை வேதநாயகம் சாஸ்திரியாரின் (1774–1864) கீர்த்தனைகள் அவர் வாழ்நாளிலேயே தமிழ்ச் சபைகளில் பரவிவிட்டன. கீர்த்தனைப் புத்தகங்களில் பாட்டின் தலைப்பில் ராகமும் தாளமும் மட்டுமே பெரும்பாலும் அச்சிடப்பட்டிருக்கும், சுரக் குறிப்பு இருக்காது. மெட்டு வாய்வழியாகவே போனது. கடலுக்கு அந்தப் பக்கம் போன மெட்டு ஒரு வழியில் வளர்ந்தது, இந்தப் பக்கம் இருந்தது வேறு வழியில் வளர்ந்தது. இரண்டில் எது மூலத்துக்கு நெருக்கமானது என்று நானும் சொல்ல மாட்டேன், அந்தப் பாடற்குழுத் தலைவராலும் சொல்ல முடியாது. அவரைக் குறை கூறுவதற்காக இதை எழுதுகிறேன் என்று நினைக்க வேண்டாம். எங்களுக்கு இசை வாசிக்கக் கற்றுக் கொடுத்தவரும் அவர்தான். ஆனாலும் ஒரு சபையின் மெட்டைத் 'தப்பு' என்று சொல்வதற்கு முன் அது எந்த வழியாக வந்தது என்று கேட்டிருக்கலாம். திரும்பி வந்து அவரிடம் இதைச் சொன்னேன். "இருக்கலாம்" என்றார். ஞாயிற்றுக்கிழமை மெட்டு மாறவில்லை.

இனி விசுவாசத்தைப் பற்றிக் கேட்டீர்கள். கீபோர்டு வாசிக்கிறீர்கள் என்பதால் உங்களுக்குப் புரியும் என்று நம்புகிறேன். மற்றவர்கள் முழங்காலில் இருக்கும்போது நாம் எத்தனை சரணம் மீதி என்று எண்ணிக்கொண்டிருப்போம். திருவிருந்தில் எல்லோரும் வாங்கி முடிக்கும்வரை வாசித்துவிட்டுக் கடைசியில் ஓடிப்போய் வாங்குவோம், அதற்குள் ஆயர் பாத்திரத்தை மூடத் தொடங்கியிருப்பார். ஆராதனையை நடத்த உதவுகிறவனுக்கு ஆராதிக்க நேரம் இருப்பதில்லை. இதை வெளியே சொன்னால் "உனக்குப் பாரம் இல்லை", அதாவது ஊழியத்தில் உள்ளார்ந்த அக்கறை இல்லை, என்று யாராவது சொல்வார்கள், ஆகவே நாம் சொல்வதில்லை.

ஒரு மாலை தோட்டத்து ஆலயத்தில் பாட்டின் நடுவே மின்சாரம் போய்விட்டது. கீபோர்டு அணைந்தது. பாட்டு அணையவில்லை, டோலக் வாசித்த இளைஞர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. நான் செய்வதற்கு ஒன்றும் இல்லாததால் எழுந்து பெண்கள் வரிசைக்குப் பின்னால் போய் நின்று பாடினேன். விளக்கு வரும்வரை பாடல், ஜெபம், மறுபடியும் பாடல். சரணங்களை எண்ணாமல் நான் முழுதாகப் பாடியது எவ்வளவோ காலத்துக்குப் பிறகு அன்றுதான். இந்த இடத்தில் கண்ணீர் வந்தது என்று எழுதினால் பொருத்தமாக இருக்கும். வரவில்லை, குளிர்ந்தது, பசித்தது, ஆனால் நான் இல்லாமலும் அந்த ஆராதனை நடக்கிறது என்பதில் ஒரு விடுதலை இருந்தது. அதை விசுவாசம் வளர்ந்தது என்று எடுத்துக்கொள்ளலாமா என்பதை உங்கள் ஆயரிடம் கேளுங்கள். நான் அதற்குப் பிறகு இங்கே மாதத்தில் ஒரு ஞாயிறு வாசிப்பதை நிறுத்தி, என்னிடம் பயிலும் பையனை உட்கார வைத்துவிட்டுச் சபையோடு அமர்கிறேன். இதற்கும் சிலர் முணுமுணுத்தார்கள்.

சுற்றுலாவா என்ற கேள்வியில் நியாயம் இருக்கிறது. எங்கள் குழுவிலும் ஒரு நாள் நுவரெலியாவுக்கு ஒதுக்கினார்கள், நானும் போனேன், அது சுற்றுலாதான், அதற்கு ஊழியம் என்று பெயர் வைக்கவில்லை. அந்த ஒரு நாள் என்னைச் சங்கடப்படுத்தவில்லை. திரும்பிய பிறகு சபையில் அறிக்கை காட்டும் முறைதான் சங்கடப்படுத்தியது. எத்தனை பேர் மனந்திரும்பினார்கள் என்று கேட்டார்கள், அங்கே நாங்கள் சந்தித்தவர்களில் பலர் நான்கைந்து தலைமுறைக் கிறிஸ்தவர்கள். ஒழுகும் லயத்து வீடுகளின் படங்களைத் திரையில் காட்டினால் காணிக்கை கூடும் என்றார்கள். அந்தப் படங்களில் இருப்பவை என் அம்மா பிறந்த வீட்டைப் போன்ற வீடுகள். நான் எடுத்த படங்களைக் கொடுக்கவில்லை.

போவது என்று முடிவெடுத்தால் சில காரியங்களை இப்போதே செய்துவிடுங்கள். உங்களை அழைக்கும் சபையிடம் எந்த வகை விசா என்று தெளிவாகக் கேளுங்கள். சுற்றுலா விசாவில் போய் மேடையேறிப் பிரசங்கிப்பது பல நாடுகளில் சிக்கலாகும், பேசாமல் வாசிப்பவனும் அதே மேடையில்தான் இருப்பான். இலங்கைக்கே போவதானால் மின்னழுத்தம் நம்முடையதைப் போல 230 வோல்ட்தான், ஆனால் பல கட்டடங்களில் தட்டையான மூன்று முள் கொண்ட சொருகி இருப்பதால் அடாப்டர் ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள். மூடுபனி இறங்கும் மாலைகளில் கீபோர்டைத் துணியால் மூடாமல் வைக்காதீர்கள். எல்லாவற்றுக்கும் மேலாக, அவர்கள் பாடும் பாடல்களைக் கைப்பேசியில் பதிந்து அனுப்பச் சொல்லிப் பயணத்துக்கு முன்பே கேட்டுப் பழகுங்கள். அனுப்பாவிட்டால், போய்ச் சேர்ந்த முதல் ஆராதனையில் கருவியைத் தொடாமல் பின் வரிசையில் உட்கார்ந்து கேளுங்கள். உங்கள் குழுத் தலைவர் இதற்கு எளிதில் சம்மதிக்க மாட்டார், ஆகவே விமானச் சீட்டு எடுப்பதற்கு முன்பே பேசி முடித்துக்கொள்வது நல்லது.