பட்டை கட்டலாம், கட்டச் சொல்கிறவரைக் கவனியுங்கள்

கேள்வி: கோத்தகிரி பக்கம் தோட்டத்தில் கொழுந்து பறிக்கிறேன். இது ஆறாம் மாதம். கர்ப்பிணிகளைப் பற்றிய ஆராய்ச்சி என்று சொல்லிக்கொண்டு ஒருவர் லைன் வீட்டுக்கு வந்தார். கையில் ஒரு பட்டை கட்ட வேண்டுமாம், ராத்திரியும் கழற்றக் கூடாதாம். கட்டாவிட்டால் பிரசவ உதவிப் பணம் வராது என்கிறார். குழந்தைக்கு ஆகாது என்கிறார் மாமியார். என்ன செய்வது?

பதில்: முதலில் மாமியாருக்குச் சொல்லிவிடுகிறேன். அந்தப் பட்டை தோலின்மேல் சின்ன வெளிச்சம் அடித்து உங்கள் நாடியைக் கணக்கிடுகிறது, கை அசைவைக் குறித்துக்கொள்கிறது. அதிலிருந்து வரும் அலை, நீங்கள் தலைமாட்டில் வைத்துத் தூங்கும் செல்போனுடையதைவிடக் குறைவு. மழையில் நனைந்தால் அடியில் ஈரம் தங்கி அரிக்கும். கழற்றித் துடைத்துவிட்டுக் கட்டினால் போதும்.

பணம் வராது என்பது பச்சைப் பொய். டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி திட்டத்தில் பொருளும் பணமுமாகத் தரும் 18,000 ரூபாய்க்கும் எந்த ஆராய்ச்சிக்கும் சம்பந்தமே கிடையாது. அதற்குப் பார்ப்பது உங்கள் பிக்மி எண் (கர்ப்பத்தைப் பதிந்ததும் தரும் எண்), ஒழுங்கான செக்கப் போன்றவற்றைத்தான். சந்தேகமிருந்தால் உங்கள் கிராம சுகாதார செவிலியரிடம் கேளுங்கள்.

இப்படி மிரட்டி ஆள் பிடிப்பவர் பெரும்பாலும் ஆராய்ச்சியாளரே அல்ல, தலைக்கு இவ்வளவு என்று கமிஷன் வாங்கும் இடைத்தரகர். ஆதாரையும் பாஸ்புக்கையும் போட்டோ எடுப்பார், அப்புறம் போனில் ஓடிபி கேட்பார். எந்த ஆராய்ச்சிக்கும் ஓடிபி தேவையில்லை. "துடிப்பை வைத்தே ஆணா பெண்ணா என்று சொல்லிவிடலாம்" என்று காதைக் கடிப்பவர்களும் உண்டு. கையில் கட்டும் பட்டைக்கு உங்கள் துடிப்புதான் தெரியும், குழந்தையுடையது தெரியாது. தெரிந்தாலும் ஆண், பெண் இரண்டுக்கும் நிமிடத்துக்கு 110 முதல் 160தான். போதாததற்கு, 1994ஆம் ஆண்டுச் சட்டப்படி பாலினம் பார்த்துச் சொல்வதே குற்றம்.

உண்மையான ஆராய்ச்சி என்றால் தமிழில் விவரத் தாள் இருக்கும், அதில் ஆராய்ச்சி முறையாக நடக்கிறதா என்று பார்க்கும் நெறிமுறைக் குழுவின் போன் நம்பர் இருக்கும், கையெழுத்துப் போட்டதும் ஒரு பிரதி உங்களுக்கு வரும். அந்த நம்பருக்குப் போன் செய்யுங்கள். படிக்கத் தெரியாதவர்களுக்கு இரண்டு பக்கமும் சேராத ஒரு சாட்சி வேண்டும். சூப்பர்வைசரை சாட்சியாக நிறுத்தினால் ஒப்புக்கொள்ளாதீர்கள். கொழுந்து எடைபோடும் நேரத்தில் பத்துப் பக்கத்தை நீட்டி "இங்கே போடும்மா" என்றால் யார் படிப்பார்கள்? நானும் அப்படியொரு நெறிமுறைக் குழுவில் உட்கார்ந்து இதைத்தான் கத்திக்கொண்டிருக்கிறேன். தாள் சரியாக இருக்கிறதா என்று பார்க்கிறார்களே தவிர, அதை எங்கே வைத்துக் கொடுத்தார்கள் என்று ஒருவரும் கேட்பதில்லை.

எப்போது வேண்டுமானாலும் விலகலாம், காரணம் சொல்ல வேண்டாம், வைத்தியத்திலும் குறை வைக்கக் கூடாது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் (ஐ.சி.எம்.ஆர்) 2017 நெறிமுறை அது. ஆனால் இதில் ஒரு சிக்கல் உண்டு. கழற்றிக் கொடுத்ததும் புதுத் தகவல் நின்றுவிடும், சரி. அதுவரை சேர்ந்தது என்ன ஆகும்? உங்கள் பெயரோடு இருக்கும்வரை அழிக்கச் சொல்லலாம். பெயருக்குப் பதில் எண் போட்டிருந்தால், எந்த எண் யாருடையது என்ற பட்டியல் ஒருவரிடம் இருக்கும். அப்போதும் எடுக்க முடியும். அந்தப் பட்டியலையும் கிழித்துவிட்டு எல்லோருடையதையும் ஒன்றாகக் கலந்துவிட்டால், உங்களுடையது எது என்று அவர்களுக்கே தெரியாது. ஆகவே எப்போது கலப்பார்கள் என்று சேருமுன்பே கேட்டு, தாளில் எழுதி வாங்குங்கள்.

பட்டை இருக்கிறதே என்று செக்கப்பை மட்டும் விட்டுவிடாதீர்கள். குளிரில் கை விறைத்தால் நாடி சரியாகப் பதியாது. கொழுந்து கிள்ளும் அசைவை நடை என்று எண்ணிவிடும். வளைகாப்பு முடிந்து வளையல் அடுக்கினால் பட்டை மேலே ஏறி நிற்கும். ஏசி அறையில் இதைச் செய்தவர்களுக்கு இதெல்லாம் தெரியவா போகிறது? ராத்திரி அந்தத் தகவலை யாரோ உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருப்பார்கள் என்றும் நம்ப வேண்டாம். குழந்தை அசைவு குறைந்தாலோ, விடாத தலைவலி, கண் மங்கல், ரத்தப்போக்கு என்றாலோ உடனே 108. பிரஷர் 140/90 தாண்டுகிறதா என்பதைக் கையில் துணி சுற்றிக் காற்றடிக்கும் கருவியில்தான் பார்க்க வேண்டும்.

தகவலை எடுக்க அவர்கள் உங்கள் வீட்டுக்கு வரட்டும். நீங்கள்தான் டவுனுக்குப் போக வேண்டுமென்றால் பஸ் காசையும் அன்றைய கூலியையும் கேட்டு வாங்குங்கள்.