வீட்டை எழுதிக் கொடுத்த பிறகு மகன் கவனிக்கவில்லை என்றால் திரும்பப் பெற முடியுமா?

பாலக்காடு சித்தூர்ப் பக்கம் இருக்கும் உங்கள் அம்மிச்சி (அம்மாவின் அம்மா), தன் மகனான உங்கள் மாமா பேருக்கு வீட்டை எழுதிவைத்தார், இப்போது சோறு போடக்கூட ஆளில்லை என்கிறீர்கள். வழி இருக்கிறது.

2007-இல் வந்த பெற்றோர், மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டப்படி ஆர்.டி.ஓ. (வருவாய்க் கோட்ட அலுவலர்) தலைமையிலான தீர்ப்பாயத்தில் மனு கொடுங்கள். மாதம் 10,000 ரூபாய் வரை ஜீவனாம்சம் கிடைக்கும். அவரால் நடக்க முடியாவிட்டால், அவர் சம்மதத்தோடு நீங்களே மனு கொடுக்கலாம். கேரளத்தில் தமிழ்ச் சிறுபான்மையினருக்கு மொழி உரிமை இருப்பதால் தமிழிலேயே எழுதலாம், தயங்க வேண்டாம்.

வீட்டைத் திரும்பப் பெற அதே சட்டத்தின் 23-வது பிரிவு. "என்னைப் பராமரிக்க வேண்டும்" என்ற நிபந்தனையோடு எழுதிக் கொடுத்திருந்தால், மீறும்போது பத்திரத்தையே ரத்து செய்யச் சொல்லலாம். இந்தச் சட்டம் நடைமுறைக்கு வந்த பிறகு எழுதியதாக இருக்க வேண்டும். என் பெரியம்மா மஞ்சப்பையில் பத்திரத்தைச் சுற்றிக் கொண்டுவந்தார். நான்கு பக்கமும் எல்லை, அளவு, கிணற்றுப் பங்கு எல்லாம் இருந்தது. அந்த ஒரு வரி மட்டும் இல்லை. பத்திரம் எழுதித் தந்த எழுத்தர் அதைப் பற்றிக் கேட்கவே இல்லையாம். இன்னும் ஆறவில்லை எனக்கு. அதனால் முதலில் அம்மிச்சியின் பத்திரத்தை எடுத்து வரிவரியாகப் படியுங்கள்.

அப்புறம், முதியோர் பென்ஷன் வருகிறதா என்று பஞ்சாயத்தில் கேட்டுவிடுங்கள்.