டிரங்குப் பெட்டியைத் திறந்து பாருங்கள்
முன்னாள் படைவீரர் குடும்பங்களுக்கான கேள்வி – பதில்

(பதில் சொல்பவர், ராணுவத்தில் 17 ஆண்டுகள் எழுத்தராக இருந்து ஹவில்தாராக ஓய்வு பெற்று, தக்கலை அருகே வசிப்பவர்.)

கேள்வி: எங்கள் ஊர் அருமனைக்குப் பக்கம். 20-க்கும் மேற்பட்ட முன்னாள் ராணுவத்தினர் இருக்கிறார்கள். ஆகஸ்ட் 15 அன்று அவர்களை மேடையேற்றி, பொன்னாடை போர்த்தி, கேடயம் கொடுக்க எங்கள் இளைஞர் மன்றம் நினைக்கிறது. வேறு என்ன செய்யலாம்?

பதில்: மேடை போடுங்கள் தம்பி, பெரியவர்களுக்கு அது சந்தோஷம்தான். கேடயத்துக்கு ஒதுக்கிய பணத்தை மட்டும் நவம்பருக்கு எடுத்து வையுங்கள். ஆண்டுக்கு ஒரு முறை ஓய்வூதியர்கள் உயிர்வாழ் சான்று கொடுக்க வேண்டும். பெரும்பாலானவர்கள் நவம்பரில்தான் கொடுக்கிறார்கள். தவறினால் ஓய்வூதியம் நின்றுவிடும். ஒரு சனிக்கிழமை படிப்பகத்தில் மேஜை போட்டு, நடக்க முடியாதவர்களை ஆட்டோவில் கூட்டி வாருங்கள். ஆதார், ஓய்வூதிய ஆணை எண், வங்கிக் கணக்கு எண், கைபேசி, இவ்வளவு போதும்.

பட்டாளத்திலிருந்து வந்தபின் ரப்பர் பால் வெட்டப் போனவர்கள் நம் பக்கம் நிறைய உண்டு. அவர்கள் விரல் ரேகை தேய்ந்து போயிருக்கும், இயந்திரம் பிடிக்காது. கவலை வேண்டாம், இப்போது கைபேசியில் முகத்தைக் காட்டியே ஜீவன் பிரமாண் என்ற மின்னணு உயிர்வாழ் சான்று எடுக்கலாம். படுக்கையில் இருப்பவர் வீட்டுக்குத் தபால்காரரே வந்து எடுத்துக் கொடுப்பார், கட்டணம் 70 ரூபாய். ஒன்றை மட்டும் கவனியுங்கள். ஓய்வூதியம் வழங்குவது யார் என்று கேட்கும் இடத்தில் பழக்கத்தில் வங்கியின் பெயரைத் தேர்ந்தெடுத்து விடுவார்கள். பாதுகாப்புத் துறையே நேரடியாக ஓய்வூதியம் தரும் ஸ்பர்ஷ் இணைய முறைக்கு மாறியவர்கள் அங்கே ஸ்பர்ஷ் என்று இருப்பதைத்தான் தேர்ந்தெடுக்க வேண்டும்.

இது பாதி வேலைதான். மீதிப் பாதி அவர்கள் வீட்டு டிரங்குப் பெட்டிக்குள் இருக்கிறது. கறுப்புப் பெட்டி, மூடியில் வெள்ளை பெயின்டில் நம்பரும் ரேங்கும் பெயரும். உள்ளே கம்பளிக்கு அடியில், பாலித்தீன் உறையில், படையிலிருந்து விடுவித்தபோது கொடுத்த டிஸ்சார்ஜ் புத்தகம் இருக்கும். அதில் மனைவியின் பெயரும் பிறந்த தேதியும் எப்படி எழுதியிருக்கிறது என்று பாருங்கள். ஓய்வூதிய ஆணையையும் ஆதாரையும் பக்கத்தில் வைத்து, எழுத்து எழுத்தாக ஒத்துப் பாருங்கள்.

ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன் என்றால், எங்கள் தெருவில் ஒரு அண்ணன் இருந்தார். "தம்பி, நீ கிளார்க்குதானே, என் பேப்பரை ஒருதரம் பாரேன்" என்று இரண்டு தடவை கேட்டார். அடுத்த வாரம் வருகிறேன் என்றேன், போகவில்லை. மாரடைப்பில் போய்விட்டார். அப்புறம்தான் பெட்டியைத் திறந்தோம். ராணுவப் பதிவில் மனைவி பெயர் தங்கம். ரேஷன் கார்டில் தங்கம்மாள். ஆதாரில் தங்கபாய். மூவரும் ஒருவரே என்று நிரூபித்து, மதினிக்குக் குடும்ப ஓய்வூதியம் வந்து சேர 14 மாதம் ஆயிற்று. அந்த 14 மாதமும் அவர் முந்திரி ஆலைக்குப் போனார். அண்ணன் இருக்கும்போதே ஒரு உறுதிமொழிப் பத்திரமும் சேர்ந்து எடுத்த புகைப்படமும் வைத்து விண்ணப்பித்திருந்தால், அவர் ஒரு கையெழுத்தில் முடித்திருப்பார். அந்த அடுத்த வாரம் இன்னும் என் மனதில் கிடக்கிறது.

திருத்தம் வேண்டியிருந்தால், நாகர்கோவிலில் மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகத்தில் வழி கேட்டு, அவரவர் ரெஜிமென்ட்டின் ஆவண அலுவலகத்துக்கு (ரெக்கார்ட் ஆபீஸ்) அனுப்ப வேண்டும். மெட்ராஸ் ரெஜிமென்ட் என்றால் நீலகிரி வெலிங்டன். சம்பாதிக்க இயலாத மாற்றுத்திறனாளிப் பிள்ளை இருந்தால், அந்தப் பெயரும் பதிவில் ஏறியிருக்கிறதா என்று அவசியம் பாருங்கள். பெற்றோர் காலத்துக்குப் பிறகு அந்தப் பிள்ளைக்கு ஆயுள் முழுவதும் குடும்ப ஓய்வூதியம் பெற வழி உண்டு.

கேள்வி: அப்பாவுக்கு 79 வயது. இளவயதில் சில ஆண்டுகள் ராணுவத்தில் இருந்தார். ஓய்வூதியம் இல்லை. ஏதாவது கிடைக்குமா? – ஒரு மகள், திருவட்டாறு

பதில்: மக்களே, (எங்கள் பக்கம் ஒருத்தரைக் கூப்பிடவும் இதுதான் சொல்) முதலில் அப்பா எப்படி வெளியே வந்தார் என்று டிஸ்சார்ஜ் புத்தகத்தில் பார். காரணம் எழுதியிருக்கும், எல்லாம் அதைப் பொறுத்துத்தான். அந்தக் காலத்தில் சேர்ந்த பலருக்குப் பணியில் சில ஆண்டு, அப்புறம் ரிசர்வில் (வீட்டில் இருந்தாலும் அழைத்தால் போக வேண்டிய பட்டியலில்) சில ஆண்டு என்று கணக்கு. இரண்டும் சேர்ந்து 15 ஆண்டு நிறைந்திருந்தால் ரிசர்விஸ்ட் ஓய்வூதியத்துக்கு உரிமை உண்டு. இது தெரியாமலே இருந்துவிட்டவர்களைப் பார்த்திருக்கிறேன்.

அது இல்லையென்றால், ஓய்வூதியம் இல்லாத 65 வயது கடந்த முன்னாள் படைவீரர்களுக்கும் விதவைகளுக்கும் மத்திய சைனிக் வாரியம் மாதாமாதம் வறுமை நிவாரண உதவி தருகிறது. ஹவில்தார் வரையிலான ரேங்க்குகளுக்கு. அப்பாவுக்கு முன்னாள் படைவீரர் அடையாள அட்டை இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டு, மேலே சொன்ன நாகர்கோவில் நல அலுவலகத்துக்குப் போ. புத்தகத்தின் அசலைக் காட்டு, ஆனால் யாரிடமும் விட்டுவிட்டு வராதே.

கேள்வி: பள்ளியில் கொடிநாள் என்று வசூலிக்கும் பணம் எங்கே போகிறது? – 9-ம் வகுப்பு மாணவி, குளச்சல்

பதில்: 1949 முதல் டிசம்பர் 7 கொடிநாள். போரில் இறந்தவர்களின் குடும்பம், உடல் ஊனமடைந்த வீரர்கள், முன்னாள் படைவீரர்கள் நலனுக்கு அந்த நிதி. மேலே திருவட்டாறு மகளுக்குச் சொன்ன உதவிகூட கொடிநாள் நிதியிலிருந்துதான் வருகிறது. நீ போடும் பத்து ரூபாய் வீண் இல்லை.

கேள்வி: பக்கத்து வீட்டுத் தம்பி ராணுவத்திலிருந்து ஓய்வு பெற்று வந்திருக்கிறான், 39 வயதுதான். வெளியே வருவதில்லை, யாரிடமும் பேசுவதில்லை, ராத்திரி குடிக்கிறான். என்ன செய்வது? – திங்கள்சந்தை

பதில்: எல்லையில் என்ன நடந்தது என்று யாரும் அவனைக் கேட்காதீர்கள், அவனாகச் சொன்னால் கேளுங்கள். ராணுவக் கேன்டீன் சரக்கு வாங்கித் தரச் சொல்லி நச்சரிக்கும் நண்பர்களைக் கொஞ்சம் தள்ளி வையுங்கள். தூக்கமே இல்லை, வாழ்ந்து என்ன பயன் என்ற மாதிரிப் பேச்சு வந்தால் நாள் பார்க்க வேண்டாம். 14416, டெலிமானஸ் என்ற அரசு மனநல உதவிக்கான இலவச எண், தமிழிலேயே பேசலாம். நாகர்கோவிலில் முன்னாள் படைவீரர்களுக்கான இசிஎச்எஸ் மருத்துவமனைக்கு நீங்களே கூடப் போங்கள்.

மற்றபடி அவனுக்கு ஒரு வேலை கொடுங்கள். சம்பளம் இல்லாவிட்டாலும் சரி, ஆனால் அவன் வராவிட்டால் நின்றுபோகும் வேலையாக இருக்க வேண்டும். போலீஸ் தேர்வுக்கு ஓடும் பையன்களுக்குக் காலையில் விசில் ஊதி நேரம் எடுக்க ஆள் வேண்டும்தானே? நான் வந்த புதிதில் நாலரைக்கு விழித்து, ஷேவ் செய்து, சட்டை போட்டு, போக இடமில்லாமல் திண்ணையில் உட்கார்ந்திருப்பேன். ஒரு நாள் எதிர்வீட்டு வாத்தியார் படிப்பகச் சாவியைக் கொண்டுவந்து என் கையில் வைத்தார். "எனக்கு முட்டி வலி, நாளையிலிருந்து ஆறு மணிக்கு நீங்கதான் திறக்கணும். பேப்பர்காரர் வந்து நிப்பார்" என்றார். மறுநாள் ஐந்தரைக்கே போய்விட்டேன்.