ரெஃப் கர்சரைத் திறப்பவர் யார், மூடுபவர் யார்? – வாசகர் கேள்வி பதில்

ஆரக்கிள் தரவுத்தளத்தின் ஸ்டோர்டு புரொசீஜர்களில் (தரவுத்தளத்துக்குள்ளேயே சேமித்து வைக்கும் நிரல்களில்) ரெஃப் கர்சரை, அதாவது ஒரு வினவலின் விடையை எடுத்துவர உதவும் சுட்டியைப் பயன்படுத்துவது பற்றிச் சென்ற இதழில் ஒரு சிறு பதில் எழுதியிருந்தேன். அதைத் தொட்டு வந்த கேள்விகளே இம்முறை இந்தப் பகுதியை நிரப்புகின்றன.

கேள்வி: ஒரு துறையின் ஊழியர் பட்டியலை அவுட் பேராமீட்டராக (அழைத்தவருக்கு விடையைத் திருப்பித் தரும் மாறியாக) தரும் புரொசீஜர் ஒன்றை எழுதினேன். "நீ பட்டியலைத் திருப்பி அனுப்பவில்லை, கர்சரைத்தான் அனுப்புகிறாய்" என்று எங்கள் குழுத் தலைவர் திருத்தினார். இரண்டுக்கும் என்ன வேறுபாடு?

பதில்: அவர் சொன்னது சரி. கோயில் வாசலில் செருப்பை விட்டுவிட்டு டோக்கன் வாங்குகிறோம் அல்லவா? டோக்கனுக்குள் செருப்பு இல்லை. அதை யாரிடம் கொடுத்தாலும் அவர் போய்ச் செருப்பை எடுத்துவரலாம், அவ்வளவுதான். ரெஃப் கர்சரும் அப்படித்தான். உங்கள் புரொசீஜரில் "ஓப்பன் பட்டியல் ஃபார் செலக்ட் இநேம், சால் ஃப்ரம் எம்ப் வேர் டெப்ட்நோ = துறை" என்ற பொருளில் ஒரு வரி இருக்கும். அந்த வரி ஓடும்போது வினவல் பகுத்தறியப்பட்டு, துறை எண் அதில் பொருத்தப்பட்டு, கர்சர் திறக்கப்படுகிறது. ஆனால் ஒரு பதிவுகூட எங்கும் நகலெடுத்து வைக்கப்படுவதில்லை. பத்துப் பதிவுகள் வரும் வினவலும் ஒரு கோடிப் பதிவுகள் வரும் வினவலும் பெரும்பாலும் ஏறக்குறைய ஒரே வேகத்தில் "திறந்துவிடுவது" இதனால்தான். பதிவுகளைத் தேடி எடுக்கும் உழைப்பு, அழைத்த நிரல் ஃபெட்ச் செய்யத் (பதிவுகளை ஒவ்வொன்றாகக் கேட்டு வாங்கத்) தொடங்கும்போதுதான் நடக்கிறது. ஜாவாவின் ஆரக்கிள் டிரைவர், நாம் மாற்றாதவரை, ஒரு தடவைக்குப் பத்துப் பதிவுகளாகத்தான் எடுத்துவரும். பெரிய பட்டியலென்றால் ஃபெட்ச் அளவை நூறு அல்லது அதற்கு மேல் வைத்துப் பாருங்கள், புரொசீஜரில் ஒரு எழுத்தைத் தொடாமலே வேகம் கூடும்.

கேள்வி: ஆரக்கிளின் கட்டளைத் திரையான எஸ்க்யூஎல் பிளஸ்ஸில் ஒரு ரெஃப் கர்சரைத் திறந்தேன், பிறகு அதே டேபிளிலிருந்த பதிவுகளையெல்லாம் டெலிட் செய்து, மாற்றத்தை நிலையாக்கும் கமிட்டும் கொடுத்தேன். அதன்பின் கர்சரை பிரிண்ட் செய்தால் அழித்த பதிவுகள் அப்படியே வருகின்றன. கர்சர் எதையும் நகலெடுப்பதில்லை என்கிறீர்களே, இவை எங்கிருந்து வந்தன?

பதில்: மிக நல்ல கேள்வி, சோதனை செய்து பார்த்துவிட்டுக் கேட்பவர்களை எனக்குப் பிடிக்கும். ஸ்காட் என்ற பயனரின் பழைய மாதிரி ஊழியர் டேபிளான எம்ப்பை எடுத்துக்கொள்வோம். (ஆரக்கிளின் தொடக்ககால ஊழியர்களில் ஒருவரான புரூஸ் ஸ்காட்டின் பெயர் அது, அதன் கடவுச்சொல்லான டைகர், அவர் வீட்டுப் பூனையின் பெயர்.) அதிலுள்ள 14 பேரில் மூவர் 10-ஆம் துறையைச் சேர்ந்தவர்கள். அந்தத் துறைக்குக் கர்சரைத் திறந்துவிட்டு, மூவரையும் அழித்து, கமிட் செய்து, பிறகு பிரிண்ட் கொடுத்தால், கிளார்க், கிங், மில்லர் மூவரும் சம்பளத்தோடு திரையில் வந்து நிற்பார்கள்.

காரணம், கர்சரைத் திறந்த கணமே "இந்த நேரத்தில் டேபிள் எப்படி இருந்ததோ, அதுவே இந்த வினவலுக்கு விடை" என்று ஆரக்கிள் முடிவு செய்துவிடுகிறது. பின்னர் ஃபெட்ச் செய்யும்போது, அந்த நேரத்திற்குப் பிறகு மாறிய பிளாக் (டேபிளின் பதிவுகள் வைக்கப்படும் துண்டு) ஒன்று எதிர்ப்பட்டால், மாற்றத்துக்கு முந்தைய நிலையைக் குறித்துவைக்கும் அண்டூ பகுதியிலுள்ள பழைய விவரத்தைக் கொண்டு அந்த பிளாக்கின் பழைய வடிவத்தைக் கட்டியெழுப்பித் தருகிறது. ஆகவே பதிவுகள் கர்சரிலிருந்து வரவில்லை, அண்டூவிலிருந்து வந்தன. இதற்கு ஒரு விலையும் உண்டு: கர்சரைக் காலையில் திறந்துவிட்டுச் சாவகாசமாக ஃபெட்ச் செய்துகொண்டிருந்தால், இடைப்பட்ட நேரத்தில் அண்டூவின் அந்த இடம் வேறு மாற்றங்களுக்குப் போய்விடலாம்; அப்போது ஓஆர்ஏ-01555, அதாவது "ஸ்னாப்ஷாட் மிகப் பழையது" என்ற பிழை வரும். ஒரு வேடிக்கைக்காக, டெலிட்டுக்குப் பதிலாக, டேபிளை ஒரேயடியாகக் காலிசெய்யும் ட்ரங்கேட் கொடுத்துப் பாருங்கள். அதற்கு இப்படி அண்டூ இல்லாததால், பதிவுகளுக்குப் பதில் ஓஆர்ஏ-08103 என்ற பிழையை எதிர்பார்க்கலாம். சோதனை டேபிளில் மட்டும்!

கேள்வி: எங்கள் ஜாவா பயன்பாடு காலையில் நன்றாக ஓடுகிறது. மாலைக்குள் ஓஆர்ஏ-01000, அனுமதித்த அளவுக்கு மேல் கர்சர்கள் திறந்துள்ளன என்று நின்றுவிடுகிறது. ஓப்பன் கர்சர்ஸ் என்ற அந்த வரம்பை 300-லிருந்து 1000 ஆக்கினோம். இப்போது பிழை இரவில் வருகிறது. புரொசீஜரின் கடைசியில் குளோஸ் கொடுத்துவிடலாமா?

பதில்: வேண்டாம். புரொசீஜருக்குள்ளேயே மூடிவிட்டால், செருப்பை எடுத்து ஒளித்துவிட்டு டோக்கனை மட்டும் கையில் கொடுத்தது போலாகும். அழைத்தவருக்கு மூடிய கர்சர் பற்றிய வேறொரு பிழைதான் மிஞ்சும். வெளியே அனுப்பப்படும் ரெஃப் கர்சரைத் திறப்பது புரொசீஜரின் பொறுப்பு, மூடுவது அதை வாங்கியவரின் பொறுப்பு. அளவை ஆயிரமாக்கியது செருப்பு வைக்கும் அலமாரியைப் பெரிதாக்கிய கதை. டோக்கனைத் திருப்பிக் கொடுக்காதவர்கள் இருக்கும்வரை எந்த அலமாரியும் ஒருநாள் நிரம்பத்தான் செய்யும்.

எனக்கும் இது நேர்ந்திருக்கிறது. முன்பு பணிபுரிந்த ஓரிடத்தில் இதே பிழைக்காக இரண்டு நாள் தேடினேன். ரிசல்ட் செட்டை மூடும் வரி இருக்கத்தான் செய்தது, ஆனால் ட்ரை பகுதியின் கடைசி வரியாக இருந்தது. பணியில் சேர்ந்த தேதி காலியாக இருந்த ஓர் ஊழியரின் பதிவு வரும்போதெல்லாம் அதற்கு முந்தைய வரியிலேயே நிரல் எக்ஸெப்ஷனுக்குத் தாவிவிட்டது. மூடும் வரி ஓடவே இல்லை. அங்கிருந்த கனெக்‌ஷன் பூல் இணைப்பைத் துண்டிக்காமல் உள்ளே வாங்கி வைத்துக்கொண்டு அடுத்தவருக்குக் கொடுத்ததால், அந்த செஷனும் (தரவுத்தளத்தில் அந்த இணைப்புக்கான அமர்வு) அதன் திறந்த கர்சர்களும் நாள் முழுவதும் உயிரோடு இருந்தன. வி டாலர் ஓப்பன் கர்சர் என்ற வியூவில் ஒரு செஷனை மட்டும் எடுத்து, வினவல் வாரியாக எண்ணிப் பாருங்கள். ஒரே செலக்ட் நூற்றுக்கணக்கில் தென்பட்டால் கசிவு எந்தப் புரொசீஜரை அழைக்கும் இடத்தில் என்பது தெரிந்துவிடும். பிறகு ஜாவாவில் ரிசல்ட் செட், காலபிள் ஸ்டேட்மெண்ட் இரண்டையுமே ட்ரை வித் ரிசோர்சஸ் அமைப்பில் எழுதிவிடுங்கள். பிழை வந்தாலும் வராவிட்டாலும் அவை மூடப்படும். ஓப்பன் கர்சர்ஸ் வரம்பு ஒவ்வொரு செஷனுக்கும் தனித்தனி என்பதையும் நினைவில் வையுங்கள். ஆரக்கிள் தானாக வைக்கும் அளவு 50 மட்டுமே.

கேள்வி: ரெஃப் கர்சரில் ஸ்ட்ராங், வீக் என்று இரண்டு வகை சொல்கிறார்கள். எது நல்லது?

பதில்: எந்தெந்தப் புலங்கள் வரும் என்பதை முன்பே உறுதி செய்வது ஸ்ட்ராங் வகை, எந்த வினவலுக்கும் இடம் கொடுப்பது வீக் வகை. ஆரக்கிள் 9ஐ பதிப்பிலிருந்து சிஸ் ரெஃப்கர்சர் என்ற வீக் வகை தயாராகவே கிடைப்பதால் பெரும்பாலோர் அதையே பயன்படுத்துகிறார்கள், ஜாவாவுக்கோ டாட் நெட்டுக்கோ அனுப்புவதற்கு அது போதும். ஆரக்கிளின் நிரல் மொழியான பிஎல்-எஸ்க்யூஎல்லில் ஒரு புரொசீஜர் இன்னொன்றுக்குக் கர்சரைக் கொடுக்கும் இடத்தில் நான் ஸ்ட்ராங் வகையையே விரும்புவேன். புலங்கள் பொருந்தாவிட்டால் கம்பைல் செய்யும்போதே மாட்டிக்கொள்ளும்; வீக் வகையில் அதே தவறு, நிரல் ஓடும்போது ஓஆர்ஏ-06504 ஆக வந்து நிற்கும்.

கேள்வி: கர்சரை அனுப்புமுன் அதில் எத்தனை பதிவுகள் இருக்கின்றன என்று பார்க்க விரும்புகிறேன். கர்சரின் ரோகவுண்ட் என்ற பண்பு எப்போதும் பூஜ்யம் காட்டுகிறது.

பதில்: ரோகவுண்ட் சொல்வது இதுவரை ஃபெட்ச் செய்த எண்ணிக்கையை. நீங்கள் இன்னும் ஒன்றையும் ஃபெட்ச் செய்யவில்லை, ஆகவே பூஜ்யம். "காலியா என்று பார்க்க ஒன்றை எடுத்துப் பார்க்கிறேனே" என்று தோன்றும். எடுத்த பதிவைத் திரும்ப வைக்க வழியில்லை, அழைத்தவருக்கு இரண்டாவது பதிவிலிருந்துதான் கிடைக்கும். தனியாக ஒரு கவுண்ட் வினவல் ஓட்டினால் வேலை இரட்டிப்பாகும், இரண்டுக்கும் நடுவில் வேறொருவர் கமிட் செய்தால் எண்ணிக்கையும் பட்டியலும் ஒத்துப்போகாது. எண்ணிக்கை கட்டாயம் வேண்டுமென்றால் அதே செலக்ட்டில் கவுண்ட் ஓவர் என்ற அனலிட்டிக் ஃபங்ஷனை ஒரு புலமாகச் சேருங்கள். முதல் பதிவு வருமுன்பே முழு விடையையும் அது கணக்கிட்டாக வேண்டும் என்பதை ஏற்றுக்கொண்டு.

கேள்வி: தேடல் திரையில் பயனர் எந்தப் பெட்டியை நிரப்புவார் என்று தெரியாததால், வினவலைச் சரமாக ஒட்டி ஒட்டிக் கட்டி, ஓப்பன் ஃபார் கொடுக்கிறேன். சரியா?

பதில்: சரமாகக் கட்டுவதில் தவறில்லை, பயனர் தட்டிய மதிப்பை அந்தச் சரத்தோடு ஒட்டுவதுதான் தவறு. மேற்கோள் குறி ஒன்றைச் சேர்த்துத் தட்டத் தெரிந்தவர் உங்கள் வினவலையே மாற்றிவிடுவார். அதோடு ஒவ்வொரு மதிப்புக்கும் ஆரக்கிள் புதிதாக ஹார்ட் பார்ஸ் செய்ய (வினவலை முதலிலிருந்து பகுத்தறிய) வேண்டியிருக்கும். மதிப்புகளை, ஓப்பன் ஃபார் வரியின் யூஸிங் பகுதி வழியாக, பைண்ட் மாறிகளாக (வினவலில் இடம் மட்டும் விட்டு, மதிப்பைத் தனியாகத் தரும் மாறிகளாக) கொடுங்கள். நிரம்பாத பெட்டிக்கு என்ன செய்வது என்றால், "ஒன்று சமம் ஒன்று, அல்லது இந்த பைண்ட் நல் (மதிப்பற்றது)" என்று எப்போதும் உண்மையாகும் ஒரு நிபந்தனையை அந்த இடத்தில் வையுங்கள். பைண்ட்களின் எண்ணிக்கை மாறாமல் இருப்பதால் ஒரே யூஸிங் பட்டியல் எல்லாச் சேர்க்கைகளுக்கும் பொருந்தும்.

கேள்வி: ஆரக்கிளிலிருந்து போஸ்ட்கிரெஸ் என்ற தரவுத்தளத்துக்கு மாறுகிறோம். அங்கே ரெஃப்கர்சர் திருப்பும் ஃபங்ஷனை அழைத்தால், பதிவுகளுக்குப் பதிலாகப் பெயரிடாத போர்ட்டல் 1 என்ற பொருளில் ஏதோ ஒரு சொல் வருகிறது. அந்தப் பெயரை ஃபெட்ச் செய்தால் அப்படி ஒரு கர்சரே இல்லை என்கிறது.

பதில்: அந்தச் சொல்தான் டோக்கன். போஸ்ட்கிரெஸில் ரெஃப்கர்சர் என்பது கர்சரின் பெயரைத் தாங்கிய வெறும் எழுத்துச் சரம். அந்தப் பெயரைச் சொல்லி நீங்களே ஃபெட்ச் செய்ய வேண்டும். உங்களுக்குக் கர்சர் காணாமல் போனது, ஒவ்வொரு கட்டளைக்குப் பின்னும் தானாகவே கமிட் செய்யும் ஆட்டோகமிட்டால். அங்கே இவ்வகைக் கர்சர், திறக்கப்பட்ட டிரான்சாக்‌ஷன் முடிந்ததும் மூடப்பட்டுவிடும். ஆட்டோகமிட் இருந்தால் ஃபங்ஷன் முடிந்த அடுத்த நொடியே டிரான்சாக்‌ஷனும் முடிந்துவிடுகிறது. ஆரக்கிளில் சாதாரண கர்சர் கமிட்டைத் தாண்டியும் வாழும் என்பதால் இந்த வேறுபாடு அங்கிருந்து வருபவர்களைப் பிடித்துக்கொள்கிறது. அழைப்பையும் ஃபெட்ச்சையும் ஒரே டிரான்சாக்‌ஷனுக்குள் வையுங்கள்.

ஒரே ஒரு பட்டியலைத் திருப்பும் சிறிய புரொசீஜர்களை, டேபிளைத் திருப்பும் ஃபங்ஷனாக ரிட்டர்ன் குவெரி கொண்டு மாற்றி எழுதிவிடுவது எளிது. ஆனால் அது முழு விடையையும் சேர்த்து வைத்துக்கொண்ட பிறகே வெளியே அனுப்பும் என்பதால், லட்சக்கணக்கில் பதிவுகள் வரும் அறிக்கைகளை மட்டும் ரெஃப்கர்சராகவே விட்டுவைக்கலாம்.