பதில்: 'ஷீ ஹேட் எ பிரெயின்வேவ்' – தமிழில் எப்படி?

ஆங்கிலக் கதையை மொழிபெயர்க்கும்போது இந்த வரியை 'அவளுக்கு மூளை அலை வந்தது' என்று எழுதியதை எடிட்டர் திருப்பி அனுப்பினார் என்கிறீர்கள், அவர் செய்தது சரிதாங்க. மூளை அலை என்றால் ஈஈஜி என்கிற மூளைப் பரிசோதனை எடுக்கும்போது பதிவாகுமே, அந்த மின் அலை. 1929-ல் ஜெர்மன் மனநல மருத்துவர் ஹான்ஸ் பெர்கர் வெளியிட்ட கட்டுரை அதைப் பற்றியதுதான். நீங்கள் மொழிபெயர்க்கும் கதையில் அந்தப் பெண்ணுக்குத் திடீரென்று ஒரு நல்ல யோசனை வருகிறது, அவ்வளவுதான்.

நானாக இருந்தால் 'சட்டென்று அவளுக்கு ஒரு யோசனை பளிச்சிட்டது' என்று எழுதுவேன். 'பொறி தட்டியது' இன்னும் நன்றாக இருக்கும், ஆனால் அது ஏதோ ஒரு குறிப்பைப் பார்த்து விஷயம் புரிந்துகொள்ளும் இடத்துக்கும் வரும் என்பதால் முன்பின் வரிகளைப் பார்த்துப் போடுங்கள். 'உறைத்தது' வேண்டாம், அது தாமதமாகப் புரிவது. 'ஞானோதயம்' கிண்டலாகிவிடும், அப்பாவின் அசட்டுத் திட்டத்தை அம்மா பிரெயின்வேவ் என்று நக்கலடிக்கிற இடம் வந்தால் அங்கே கச்சிதமாகப் பொருந்தும். 'பல்பு எரிந்தது' சிறுவர் கதைக்கு ஓகே, ஆனால் தவறிக்கூட 'பல்பு வாங்கினாள்' என்று போட்டுவிடாதீர்கள், மானம் போய்விடும்!

அப்புறம், கதையில் பிரெயின்ஸ்டார்ம் என்று வந்தால் எழுதியவர் எந்த நாட்டுக்காரர் என்று பாருங்கள். அமெரிக்கர்களுக்கு அதுவும் திடீர் யோசனைதான், பிரிட்டனில் ஒரு கணம் புத்தி தடுமாறிப் போவதையும் அப்படிச் சொல்வார்கள்.